குப்பை லோரி வந்த நிச்சயதார்த்தம்

புதிதாகச் சோதனைப் பிரிவில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, லோரியின் பின்பக்கம் குனிந்து நிற்கும் மனிதனை இந்த உலகம் பெரிதாக மதிப்பதில்லை. இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகிவிட்டு, "மிதி, நல்லா மிதி" என்று ஓட்டுநரிடம் கத்துவதுதான் நம் தொழில். முகம் கறுக்கும், சட்டை கறுக்கும், வீட்டுக்குப் போனால் குளித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார விடுவார்கள். என் மனைவி ரீத்தா பல வருடங்களாக எனக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தாள்.

புகையின் கறுப்பை அளக்கும் புகைமானி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நிறுத்திய லோரியிலிருந்து உங்கள் சொந்தக்காரர் இறங்கி வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வட்டாரம் பெரியது. கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்கில் ஆரம்பித்து, அசாம் ஜாவா வழியாக, மலையடிவாரத்துக் கோலா குபு பாரு வரை அலைவோம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மணல் லோரி, தோட்டத்துத் தண்ணீர் வண்டி எல்லாம் எங்கள் கையில் மாட்டும். நான் சொல்லப் போகும் சம்பவம் இதற்கு நடுவில் ஓர் ஊரில் நடந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஊராட்சி மன்றத்தைச் சொன்னது போலாகிவிடும், மன்றத்தைச் சொன்னால் என் சம்பந்தி கோபித்துக்கொள்வார். அதனால் சொல்லவில்லை.

நம் சுற்றுச்சூழல் இலாகா மத்திய அரசுடையது. புகைக் கட்டுப்பாட்டு விதியும் மத்திய அரசுடையது. நிலம், ஊராட்சி மன்றம், குப்பை எல்லாம் மாநிலத்துடையவை. இது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் விதியைக் கடுமையாக்கி, அரசாங்க வண்டியானாலும் பிடியுங்கள் என்று நமக்கு உத்தரவு வந்த வருடம், மாநிலம் முறைத்துக்கொண்டது. எங்கள் வண்டிக்கு நாங்களே பொறுப்பு, மத்திய இலாகாவின் சோதனைக்கு எங்கள் வண்டி எதுவும் போகாது என்று சொல்லிவிட்டார்கள். சில இடங்களில், இது மாநிலச் சாலை, வண்டியை மடக்க நீங்கள் வைத்த கூம்புகளை எடுங்கள் என்றார்கள். நாங்கள் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு மத்திய சாலைக்கு நடந்து போய் நிற்போம். லோரிகள் மாநிலச் சாலையின் முனையில் வரிசையாக நின்றுவிடும். அவர்கள் அந்தப் பக்கம் டீ குடிப்பார்கள், நாங்கள் இந்தப் பக்கம் டீ குடிப்போம். இரண்டு டீயும் ஒரே கடையிலிருந்துதான் வரும். அந்த வருடம் முன்னுக்கு வந்தவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான்.

மாநிலத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. புது லோரி வாங்க உதவாத மத்திய அரசு, பழைய லோரியைப் பிடிக்க மட்டும் ஆள் அனுப்புகிறதே என்று கேட்டார்கள். ஆனால் புகை கறுப்பாக வந்தது என்னவோ உண்மை.

அப்போதுதான் என் மகள் செலினுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. அதற்கு முன் ஒரு சம்பந்தம் பேசி, மண்டபம் பார்க்கும் வரை போய், மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அவள் வெகுகாலம் யார் கல்யாணத்துக்கும் போகவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், அறைக்குள் போய்விடுவாள். பிறகு மார்ட்டின் என்ற பையன் அறிமுகமானான். வீட்டில் மறுபடியும் அவள் பாடும் சத்தம் கேட்டது. குளியலறையில் பாடுவாள், சுதி சேராது, இருந்தாலும் ரீத்தா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பாள். இந்தச் சம்பந்தமும் நின்றுபோனால் என் மகள் என்ன ஆவாள் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

மார்ட்டினின் அப்பா அந்தோணிசாமி, ஊராட்சி மன்றத்தின் லோரிப் பட்டறைக்குப் பொறுப்பாளர். தோட்டத்தில் பிறந்து, மெக்கானிக்காக மன்றத்தில் சேர்ந்து, மேலே வந்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. முதல் சந்திப்பிலேயே என்னைச் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மத்தியும் மாநிலமும் ஒரே மேசையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டோம். அரசாங்கத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம், ஒரு காலையில் இரண்டு செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சாலையில் சோதனை போட்டிருந்தோம். என்னோடு இருந்தவன் யூசோப், புகைமானியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் டெக்னிஷியன். குலை ஏற்றிய ஒரு லோரியை அப்போதுதான் சோதித்துத் தடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். தடை ஸ்டிக்கர் என்றால் உங்களுக்குத் தெரியும். பழுது பார்த்து, மறுசோதனையில் தேறும்வரை அந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது, வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அந்த லோரி ஓட்டுநர் என்னைத் திட்டிவிட்டு, சாலையோரத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் ஒரு கறுப்பு மேகம் தெரிந்தது. மேகத்துக்கு முன்னால் ஒரு குப்பை லோரி வந்தது. யூசோப் என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன். லோரி நின்றது, கதவு திறந்தது, என் சம்பந்தி சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"என்னா சம்பந்தி, ரோட்டுலயே மடக்கிட்டீங்க! ஃபாதர் தேதி சொல்லிட்டாரா?"

பாவம், தேதி சொல்லத்தான் நான் நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிவாங்கிய டீ வேறு. அதை என்னிடம் நீட்டினார்.

"இல்ல சம்பந்தி, சோதனை."

"யாருக்கு?"

"லோரிக்கு."

அவர் திரும்பித் தன் லோரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கூம்புகளைப் பார்த்தார். சிரிப்பு மீசைக்குள் போய்விட்டது. "இது மாநில வண்டி லா," என்றார் மெதுவாக.

"தெரியும் சம்பந்தி. ரோடு மத்திய ரோடு."

யூசோப் கம்பியைச் செருகினான். ஓட்டுநர் மிதித்தார். முள் மேலே போய் அங்கேயே படுத்துக்கொண்டது. யூசோப் என்னிடம் எண்ணைக் காட்டிவிட்டு, திடீரென்று செம்பனை மரங்களில் அக்கறை வந்தவனாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல நண்பன். நான் என்ன செய்தாலும் அவன் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

விட்டுவிடத்தான் மனம் சொன்னது. பொய் சொல்ல மாட்டேன், கை கூடப் போகச் சொல்லித் தூக்கப் பார்த்தது. அப்போது சாலையோரத்தில் சோறு தின்றுகொண்டிருந்த செம்பனை லோரி ஓட்டுநர் மெல்லுவதை நிறுத்தினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து, எங்கள் பக்கம் பிடித்தார். அவருக்கு ஒட்டிய ஸ்டிக்கரின் பசை இன்னும் காயவில்லை. அவரையும் பார்த்துக்கொண்டு, சம்பந்தியையும் பார்த்துக்கொண்டு, நான் குப்பை லோரியின் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டினேன்.

"வேன்ல ஏறுங்க, வீட்டுல விடுறேன்," என்றேன்.

"மத்திய வண்டி எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு, அந்தோணிசாமி நேராகப் போய்ச் செம்பனை லோரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சோற்றில் பாதியை இவருக்குத் தள்ளினார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு நீட்டிய டீ என் கையிலேயே ஆறிப்போனது.

அன்று மாலை ரீத்தா என் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். செலின் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரொம்பப் புகையாப்பா?" ரொம்ப என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் பாடவில்லை.

அடுத்து நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அந்தோணிசாமி உண்மையான தொழிலாளி. கோபத்தோடு கோபமாக லோரியைப் பிரித்து, பம்ப் மாற்றி, நாசில் மாற்றி, சுத்தமாக்கிவிட்டார். மறுசோதனைக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்தது. லோரியை மத்திய இலாகாவின் சோதனைக்கு அனுப்பாதே, அனுப்பினால் அவர்கள் விதியை ஒத்துக்கொண்டது போலாகும் என்று. இங்கே நம் இலாகாவோ, மறுசோதனை இல்லாமல் ஸ்டிக்கரை எடுத்தால் பயந்துவிட்டோம் என்று ஆகும் என்றது. ஆக, நல்ல நிலையில் உள்ள ஒரு லோரி பட்டறைக்குள் நின்றது. அதை நல்ல லோரி என்று சொல்ல நாட்டில் யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போயிற்று.

இதில் எனக்கு வந்த வினை என்னவென்றால், அந்த லோரிதான் நாங்கள் குடியிருக்கும் குவாட்டர்ஸுக்குக் குப்பை எடுக்க வரும் லோரி. குவாட்டர்ஸ் முழுக்க மத்திய அரசு ஊழியர்கள். உங்கள் வழித்தடத்துக்குரிய லோரி மத்திய அரசின் தடையில் இருப்பதால் வர இயலவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மன்றம் மரியாதையாகத் தெரிவித்துவிட்டது. மற்ற லோரிகளுக்கு வேறு தெருக்கள் இருந்தனவாம். இருந்திருக்கலாம்.

அது டுரியான் பழப் பருவம். குவாட்டர்ஸில் ஒரு வீடு விடாமல் டுரியான் தின்று, முள் ஓடுகளை வாசலில் குவித்திருந்தார்கள். அதோடு சுங்கை செம்பிலாங்கிலிருந்து மலிவாக இறால் வந்த வாரம். இந்த இரண்டு வாசனையும் வெயிலில் கலந்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. முதலில் காகம் வந்தது, பிறகு குரங்கு வந்தது, பிறகு ஓர் உடும்பு வந்து, பட்டா போட்டது போல எங்கள் குப்பைத்தொட்டிக்கு அடியில் குடியேறியது. கொஞ்ச நாளில் குரங்குகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டன.

வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டினார்கள். அடுத்த வீட்டு நர்ஸ், "எரிச்சிரலாம் அண்ணே," என்று தீப்பெட்டியோடு வந்தார். திறந்தவெளியில் குப்பை எரிப்பது குற்றம். அதைப் பிடிப்பதும் நம் இலாகாதான். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நானே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தீப்பெட்டியைக் கைக்குள் மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வாடகை லோரி பிடித்து அள்ளிப் போகலாம் என்றால், கொட்டும் இடம் மன்றத்துடையது, அவர்கள் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

நிச்சயதார்த்தம் வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது. ஃபாதர் சனிக்கிழமை காலைக்குத் தேதி கொடுத்துவிட்டார். மண்டபத்துக்கு மாற்றலாமா என்று ரீத்தாவிடம் கேட்டேன்.

"போன தடவ மண்டபம் பாத்ததுக்குப் பொறவுதான் நின்னுச்சு," என்றாள் ரீத்தா. "எம்பொண்ண மறுபடியும் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்க ஒட்டுன ஸ்டிக்கரு, நீங்களே எடுங்க."

"எடுத்தா வேல போயிரும் ரீத்தா."

"எடுக்காட்டி சம்பந்தம் போயிரும். அவங்க வீட்டுப் பொம்பளைங்க என்னா பேசறாங்க தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாலேயே அபராதச் சமன் குடுக்கிற வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு கேக்கறாங்க."

அந்தோணிசாமி என் போனை எடுப்பதில்லை. மன்றத்தில் அவரைக் கேலி செய்தார்கள், சம்பந்திக்குச் சீதனமாக லோரியைக் கொடுத்துவிட்டீர்களா என்று. இலாகாவில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், எப்போது எடுக்கப் போகிறாய் என்று. செலினும் மார்ட்டினும் மட்டும் பேசிக்கொண்டார்கள். நாட்டில் மத்திய-மாநிலப் பேச்சுவார்த்தை அப்போது நடந்துகொண்டிருந்த ஒரே இடம் அவர்கள் இருவரின் கைப்பேசிதான்.

கடைசியில் என் மேலதிகாரியிடம் போனேன். நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் குடும்பம், அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எந்தப் பிரச்சினையையும், கல்லாவில் உட்கார்ந்து பாக்கிச் சில்லறை கொடுக்கிற நிதானத்தோடு கேட்பார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் பழைய கதையையும் சொன்னேன்.

"எடுத்துடவா பாய்?" என்றேன்.

"எடுத்துடு," என்றார். "ஆனா நாளையிலேருந்து இந்த ஜில்லாவுல லோரி வச்சிருக்கிறவன் எல்லாம் உன் வீட்டுலதான் பொண்ணு கேப்பான். ஒனக்கு ஒரு பொண்ணுதானே இருக்கு?"

சிரிக்காமல் சொன்னார். பிறகு, "ஒட்டுனது நீ. அதுல தப்பில்ல. எடுக்கிற கை ஒன்னோடதா இருக்கக் கூடாது தம்பி. லோரி மட்டும் எங்கயாச்சும் வெளியில வரட்டும், நான் எடுக்கறேன்," என்றார்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த புத்திமதி இது ஒன்றுதான். வேண்டியவர்கள் வண்டியைத் தண்டிக்கும்போது உங்கள் கையே போதும், ஊர் நம்பும். விடும்போது வேறு கை வேண்டும். இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் லோரி எங்கே வெளியில் வரும்? வெள்ளிக்கிழமை வரை வரவில்லை. டுரியான் ஓடுகளின் மேல் கித்தானைப் போர்த்தி, அதன் மேல் ரீத்தா பூந்தொட்டிகளை அடுக்கினாள். தூரத்திலிருந்து பார்த்தால் சிறு மலைத்தோட்டம் மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்தால் அந்த எண்ணம் போய்விடும்.

சனிக்கிழமை காலை ஃபாதர் வந்தார். வாசலில் இறங்கியதும் கைக்குட்டையை எடுத்தார், பிறகு மரியாதைக்காக மறுபடியும் பைக்குள் வைத்தார். என் மேலதிகாரி குடும்பத்தோடு வந்தார். யூசோப் என்ன காரணத்தாலோ இலாகா வேனிலேயே வந்தான். காலைச் சோதனை முடித்து நேராக வருகிறேன் என்றான். கேக் வந்தது, கத்தி வந்தது, அக்கம்பக்கத்தார் மூக்கைப் பிடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வரவில்லை.

சொன்ன நேரம் தாண்டியது. ரீத்தா யாரையும் பார்க்காமல் ஏற்கனவே துடைத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செலின் புடவையில் ஜன்னலோரம் நின்றாள். போன முறையும் அவள் இப்படித்தான் ஜன்னலோரம் நின்றாள், எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் ஒட்டிய எல்லா ஸ்டிக்கரையும் அந்த நிமிடம் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது.

குவாட்டர்ஸ் வாசலுக்குள் முதலில் ஒரு தோட்டத்து டிராக்டர் நுழைந்தது. அதன் பின்னால், தடித்த சங்கிலியில் கட்டி, குப்பை லோரி வந்தது. லோரிக்குள் ஓட்டுநர் பக்கத்தில் அந்தோணிசாமி, பட்டு வேட்டியும் ஜிப்பாவுமாக, மீசையை முறுக்கி உட்கார்ந்திருந்தார். பின்னால் மூன்று கார்களில் சீர்த்தட்டுகளோடு பெண்கள் வந்தார்கள், எல்லாக் கண்ணாடியும் இறுக்கமாக மூடியிருந்தது. மார்ட்டின் கடைசிக் காரிலிருந்து இறங்கியதும் நேராக ஜன்னலைத்தான் பார்த்தான்.

அந்தோணிசாமி இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் சோதனைக்கு வரல. சோதனைக்கு அனுப்பக் கூடாதுன்னு எனக்கு மேலிடத்து உத்தரவு. ஆனா குப்பை எடுக்கப் போகாதேன்னு ஒருத்தரும் சொல்லல. ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னீங்க, நான் ஓட்டல, இழுத்துட்டு வந்தேன். குப்பை எடுக்க வந்த எடத்துல யாராச்சும் பொகையப் பாத்தா அதுக்கு நான் பொறுப்பில்ல." பிறகு என் பக்கம் திரும்பி, சற்றுக் குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, ஒங்க வீடு நாறுது லா," என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மேலதிகாரி என் தோளில் கைவைத்து, "நீ தள்ளி நில்லு," என்றார். யூசோப் அதற்குள் வேனிலிருந்து புகைமானியை எடுத்துவிட்டான். விருந்தினர் எல்லோரும் வாசலில் வட்டமாக நின்றார்கள். லோரியின் பின்பக்கம் மேலதிகாரி சொங்கோக் தொப்பியோடு குனிந்தார். யூசோப் கம்பியைச் செருகினான். ஓட்டுநர் இயந்திரத்தை உயிர்ப்பித்து மிதித்தார்.

நீலமும் கறுப்புமாகப் புகை வந்தது. முன்பு போல அடர்த்தி இல்லை, ஆனால் வந்தது. மேலதிகாரி எண்ணைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்காமல், "தேறல," என்றார்.

சீர்த்தட்டு பிடித்திருந்த பெண் ஒருத்தி தட்டோடு காருக்குத் திரும்பினாள். அந்தோணிசாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. தன் கையால் பழுது பார்த்த லோரி ஊர் முன்னால் தோற்றுவிட்டதே என்று குழந்தை மாதிரி நின்றார். ரீத்தா கையிலிருந்த துணியை மேசையில் போட்டாள்.

"ப்பா!"

ஜன்னலிலிருந்து செலின் கத்தினாள். புது மணப்பெண் கத்துகிற மாதிரி இல்லை, சந்தையில் கத்துகிற மாதிரி இருந்தது.

"எஞ்சின் ஆறிக் கெடக்குப்பா! பட்டறையிலேருந்து இழுத்துட்டுத்தானே வந்தாங்க, ஓட்டவே இல்லியே! ஆறுன எஞ்சின சோதிக்கவே கூடாதுன்னு சோறு திங்கும்போதெல்லாம் நீங்கதானே சொல்லுவீங்க!"

இலாகாவில் எங்கள் மூவருக்கும் சேர்த்து அரை நூற்றாண்டுக்கு மேல் அனுபவம் இருந்தது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகுதான் சோதிக்க வேண்டும் என்பது விதி, முதல் நாள் பயிற்சியில் வருவது. மேலதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இந்தச் சோதனை செல்லாது," என்றார்.

"எப்படிச் சூடாக்கறது? ரோட்டுல ஓட்ட முடியாதே," என்றான் மார்ட்டின்.

அந்தோணிசாமியின் மீசை மெல்ல மேலே ஏறியது. "குப்பைய அமுக்குற மெஷின் எஞ்சின்லதானே ஓடுது," என்றார். "நான் குப்பை எடுக்கத்தானே வந்தேன்!"

அதன் பிறகு நடந்ததை நான் பல முறை சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் யாரும் முழுதாக நம்புவதில்லை. டிராக்டர் லோரியை வீடு வீடாக மெல்ல இழுத்துப் போனது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வீட்டு ஆண்களும் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்தார்கள். ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டுரியான் ஓட்டைக் கூடையில் அள்ளினார். அடுத்த வீட்டு நர்ஸ் தீப்பெட்டியை வைத்துவிட்டுத் துடைப்பம் எடுத்தார். உடும்பு வேறு வழியில்லாமல் வீட்டைக் காலி செய்தது. லோரி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முனகி முனகி அமுக்கியது, அமுக்க அமுக்க இயந்திரம் சூடேறியது. ஒரு தொட்டியின் அந்தப் பிடியை அந்தோணிசாமியும் இந்தப் பிடியை நானும் தூக்கினோம்.

"அன்னிக்கு டீ குடுத்தேனே, குடிச்சீங்களா?" என்றார், முன்னால் பார்த்துக்கொண்டே.

"ஆறிப் போச்சு சம்பந்தி."

"தெரியும். நானும் பாத்துட்டுத்தானே இருந்தேன்." கொஞ்ச தூரம் நடந்தோம். "நீங்க விட்டிருந்தா, ஒங்களப் பத்தி நான் மட்டமா நெனச்சிருப்பேன். விடாததால மோசமா நெனச்சேன். என்னா பண்றது, ஒங்க தொழில் அப்படி," என்றார்.

கடைசித் தொட்டி கவிழ்ந்ததும் மறுபடியும் சோதித்தார்கள். ஓட்டுநர் மிதித்தார். குழாயிலிருந்து காற்று மட்டும் வந்தது போல இருந்தது. மேலதிகாரி எண்ணைப் பார்த்தார், தேறியது என்று தலையாட்டினார். கைதட்டல் எழுந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டக் கத்தி இல்லை என்று யூசோப் சொன்னதும், யாரோ மேசையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார்கள். மேலதிகாரி பாதி சுரண்டிய பிறகுதான், அது கேக் வெட்டும் கத்தி என்று ரீத்தா அலறினாள். இரண்டு வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சத்தம் போட்டுப் பேசினாள், எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

கை கழுவி, வியர்வையைத் துடைத்து, மோதிரம் மாற்றினார்கள். ஃபாதர் ஜெபத்தில் குடும்பத்துக்காகவும் வேண்டினார், கொஞ்சம் தயங்கிவிட்டு மத்திய மாநில அரசுகளுக்காகவும் வேண்டினார். யூசோப் எதற்காக அன்று வேனில் வந்தான் என்று பிறகு விசாரித்தேன். செலின்தான் முந்தின நாள் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறாள். டிராக்டர் யார் ஏற்பாடு என்று கேட்டதற்கு, மார்ட்டின் வானத்தைப் பார்த்தான்.

விதியைப் பற்றிய சண்டை மேலிடத்தில் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு புது லோரிகள் வந்தன, புது ஆட்கள் வந்தார்கள், இரண்டு பக்கமும் தாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்றே இன்றும் சொல்கிறார்கள். நானும் சம்பந்தியும் ஓய்வு பெற்றுவிட்டோம். கிறிஸ்மஸுக்கு ஒரே மேசையில் உட்காரும்போது அரசாங்கத்தைப் பற்றி இப்போது தாராளமாகச் சண்டை போடுகிறோம். போன வருடம் விருந்துக்கு வந்த, நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் விவரம் தெரியாமல் அவரிடம் கேட்டான், உங்கள் மன்றத்து லோரி அந்தக் காலத்தில் மத்திய சோதனைக்கு வந்ததுண்டா என்று.

அந்தோணிசாமி கையிலிருந்த கோழிக்காலைக் கீழே வைத்தார், மீசையைத் துடைத்தார், செலினை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு தடவ கூட வந்ததில்ல தம்பி," என்றார். "எம்மவன் நிச்சயதார்த்தத்துக்குத்தான் வந்துச்சு."